சொல்லிசையின் தோற்றமும் தமிழர் தொடர்பும்

வரலாறு என்பது பெரும்பாலும் எழுத்துடையார் எழுதிவைத்த வரலாறாகவே இருந்துவந்திருக்கின்றது. அரசன் எடுப்பித்த கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. அக்கோயிலுக்குக் கல் சுமந்தோர் களைப்பாறப் பாடிய பாட்டுக்குக் கல்வெட்டு இல்லை. தொல்காப்பியர் யாப்பின் வகையைக் கூறுமிடத்துப் பாட்டு, உரை, நூல் என்பவற்றோடு வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்பவற்றையும் ஒருங்கு வைத்து ஏழென எண்ணினார். பின்வந்த நாமோ முன்னைய மூன்றினையே பெரிதும் போற்றிக் காத்தோம். பின்னைய நான்கினுட் பெரும்பகுதி, சொன்னவர் வாயோடு மாய்ந்தது. எழுத்தில் ஏறாத கலையொன்று எங்ஙனம் தோன்றுகின்றது, தோன்றிய பின் அதன் வரலாற்றை எவர் கூறுகின்றனர், கூறும்போது எவர் பெயர் விடுபட்டுப் போகின்றது என்னும் வினாக்களை நம் காலத்திலேயே தோன்றி வளர்ந்த ஒரு கலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்கலை 'ஹிப் ஹொப்' எனப்படுவது. தாளத்தோடு இயைந்த விரைவான சொல்லடுக்கே அதன் உயிர்நாடியாதலின் தமிழில் அதனைச் 'சொல்லிசை' என இக்காலத்தார் வழங்குவர். அதன் தொடக்க நாள்களைப் பொருளாகக் கொண்டு 'த கெற் டவுன்' என்னும் தொலைக்காட்சி நாடகம் 2016 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவுஸ்திரேலிய நெறியாளர் பாஸ் லூர்மன், நாடகாசிரியர் ஸ்ரீபன் அட்லி கேர்கிஸ் ஆகிய இருவரும் அதனை ஆக்கினர். 2016 இல் ஆறும் 2017 இல் ஐந்துமாகப் பதினொரு பகுதிகள் நெற்பிளிக்ஸ் நிறுவனத்தின் வாயிலாக ஒளிபரப்பப்பட்டன. ஏறத்தாழ 12 கோடி டொலர் அதற்குச் செலவாயிற்று என்பர். எனினும் முதற் பருவத்தோடு அந்நாடகம் நிறுத்தப்பட்டது. பொருளீட்டுதலில் அது வென்றதோ தோற்றதோ, வரலாறு கற்போருக்கு அது தரும் பாடம் சிறிதன்று.

நாடகம் நிகழும் இடம் நியூயோர்க் மாநகரின் வடபாலுள்ள புறொங்ஸ் என்னும் பகுதியின் தென்புறம், காலம் 1977. அந்நிலத்தின் நிலைமையை அறியாது அக்கலையின் தோற்றத்தை அறிதல் இயலாது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் றொபேட் மோசஸ் என்னும் பேரதிகாரி அப்பகுதியின் குறுக்கே பெருந்தெருவொன்றை அமைப்பித்தார். 1948 இல் தொடங்கிய அவ்வேலையில் ஒரு மைல் நீளத்துக்காக மாத்திரம் ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் வீடிழந்து பெயர்ந்தன. வசதியுடையோர் புறநகர் சென்றனர். கறுப்பினத்தாரும் போட்டோ றிக்கரும் ஆகிய வறியோர் எஞ்சினர். வாடகையால் வருவாய் பெறவியலாத கட்டடங்கள் பல தீக்கிரையாயின. உடைமையாளரே காப்புறுதிப் பணத்துக்காகத் தீவைப்பித்தனர் என்ற குற்றச்சாட்டு ஒருபுறம். நகராட்சி பணமின்மையால் தீயணைப்பு நிலையங்களை மூடியமை மறுபுறம். 1970 இற்கும் 1980 இற்கும் இடையில் அப்பகுதியின் ஏழு குடிமதிப்பு வட்டங்களில் நூற்றுக்கு 97 வீதத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பாடசாலைகளிலும் செலவு குறைக்கப்பட்டமையால் இசைக்கருவி பயிலும் வாய்ப்பும் பிள்ளைகளுக்கு அருகிற்று.

கருவி வாங்க இயலாதார் கையிற் பழைய இசைத்தட்டுகள் இருந்தன. 1973 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 11 ஆந் திகதி, செஜ்விக் நெடுந்தெருவில் 1520 ஆம் இலக்கக் கட்டடத்தின் பொதுமண்டபத்தில் ஒரு பெண்பிள்ளை, பாடசாலைக்குப் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்கவேண்டி, ஆடல் விழா ஒன்றை ஒழுங்குசெய்தாள். அவள் பெயர் சின்டி காம்பெல். அவ்விழாவில் இசைத்தட்டு இயக்கியவர் அவள் தமையனாராகிய கிளைவ் காம்பெல். 'கூல் ஹேர்க்' என்பது அவர் புனைபெயர். அவர் ஜமெய்க்கா நாட்டின் தலைநகராகிய கிங்ஸ்ரனிற் பிறந்து, 1967 இல் பன்னிரண்டாம் வயதிற் குடிபெயர்ந்து வந்தவர். பாட்டு முழுவதிலும் ஆடுவோர் பெரிதும் விரும்பிக் காத்திருப்பது, குரல் ஓய்ந்து தாளம் மாத்திரம் ஒலிக்கும் சில விநாடிகளையே என்பதனை அவர் உற்றுநோக்கி அறிந்தார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு பொறிகளில் வைத்து, ஒன்றில் அத்தாளப்பகுதி முடிந்ததும் மற்றையதில் அதனைத் தொடக்கி, சில விநாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். பார்படோஸ் தீவிற் பிறந்த 'கிறாண்ட்மாஸ்ரர் பிளாஷ்' என்பவர் தட்டின்மேல் வண்ணக்கோலாற் குறியிட்டு, தாளம் பிசகாது அதனைச் செய்யும் முறையை வகுத்தார். நீண்ட தாளத்தின்மேல் ஒருவர் நின்று அவையோரை விளித்துக் கூறிய சொற்களே நாளடைவில் எதுகையும் இயைபும் பெற்றுப் பாட்டாயின.

1977 ஆம் ஆண்டு யூலை 13 ஆந் திகதி இரவு அந்நகரின் மின்சாரம் முற்றாக நின்றது. ஏறத்தாழ ஒரு நாள் நீடித்த அவ்விருளிற் கடைகள் சூறையாடப்பட்டன. ஒலிபெருக்கியும் இசைப்பொறியும் இல்லாதிருந்த இளைஞர் பலர் அவ்விரவின்பின் அவற்றை உடையராயினர் என்றும், அதனாற் குழுக்கள் பெருகின என்றும் அக்காலத்துக் கலைஞர் சிலர் பின்னாளிற் கூறினர். நாடகமும் அவ்விரவைச் சிறப்பாகக் காட்டுகின்றது. வாய்மொழிச் சான்று என்ற வகையில் இஃது ஏற்கத்தக்கதே. ஆயினும் அதன் அளவை எவரும் எண்ணிக் கணக்கிட்டிலர். ஒரு கலையின் வளர்ச்சிக்கு ஓர் இரவைக் காரணமாக்குதல் நாடகத்துக்கு அழகு, வரலாற்றுக்குப் போதியதன்று. அவ்விரவுக்கு முன் நான்காண்டுகள் அக்கலை நடைபெற்று வந்தது என்பதை மறத்தலாகாது.

பெயர் மறைவு பற்றிய வினாவுக்கு 1979 ஆம் ஆண்டு விடை தருகின்றது. அவ்வாண்டில் 'சுகர்ஹில் காங்' என்னும் குழுவின் இசைத்தட்டு வெளியாகி, அக்கலையை உலகறியச் செய்தது. அத்தட்டிற் பாடிய மூவருள் ஒருவர், 'கிறாண்ட்மாஸ்ரர் காஸ்' என்னும் புறொங்ஸ் கலைஞரின் கையேட்டிலிருந்த அடிகளைத் தம்முடையனபோலப் பாடினார். எழுதிய காஸின் பெயர் தட்டிற் பொறிக்கப்படவில்லை. ஆறாண்டுகள் தெருவிலும் பூங்காவிலும் பலர் கூடி வளர்த்த கலை ஏட்டில் ஏறிய முதற்கணத்திலேயே படைத்தவன் ஒருவன் பெயர் விடுபட்டது. தெருவிற் பாடியபோது எல்லாரும் அவனை அறிந்திருந்தனர். பதிவான பின்னரே அவன் அறியப்படாதவன் ஆயினான். பதிவு என்பது காப்பதும் ஆம், மறைப்பதும் ஆம் என்பது இதனாற் பெறப்படும்.

நாடகம் செய்தோர் இக்குறையை ஒருவாறு உணர்ந்திருந்தனர் எனலாம். தொடக்க நாள்களை நேரிற் கண்ட கிறாண்ட்மாஸ்ரர் பிளாஷ் அதன் ஆக்கத்திற் பங்குகொண்டார். அக்காலம் பற்றி நூல்கள் எழுதிய நெல்சன் ஜோர்ஜும் உடனிருந்தார். கதைமாந்தர் கற்பனை; சூழல் உண்மை. கதைத் தலைவனாகிய எசேக்கியல் என்னும் இளைஞன் பெற்றோரை இழந்தவன், கவிதை எழுதுபவன். வகுப்பில் ஆசிரியை அதனைப் படிக்கச் சொன்னபோது சகமாணவர் முன் படிக்க மறுக்கின்றான். அவன் ஆற்றலை முதலில் அறிந்தவர் அவ்வாசிரியையே. நாடகத்துக்குக் குறைகளும் உண்டு. மிகையான காதற்கதையும் குற்றக்கும்பற் கதையும் வரலாற்றின் இடத்தைப் பலகாற் கவர்ந்துகொள்கின்றன. ஆயினும் நிகழ்ந்து நாற்பதாண்டு செல்வதற்குள், கண்டோர் உயிரோடிருக்கும்போதே அவரை வினவி ஆக்கப்பட்டமை அதன் பெருஞ்சிறப்பாகும்.

இனித் தமிழர் தொடர்பை நோக்குவாம். இக்கலையைக் கேட்ட தமிழறிஞர் சிலர், இது நமக்குப் புதிதன்று என்பர். காளமேகம் முதலிய ஆசுகவிகள் கொடுத்த பொருளுக்கு அக்கணமே பாடவில்லையா, எரிந்த கட்சி எரியாத கட்சி என இருதிறத்தார் லாவணியில் வாதிடவில்லையா, அருணகிரியார் சந்தம் இதனினும் விரைந்ததன்றா என்பன அவர் வினாக்கள். ஒப்புமை மெய்யே. ஆனால் ஒப்புமை வேறு, வழிவழித் தொடர்ச்சி வேறு. புறொங்ஸ் இளைஞர் லாவணியைக் கேட்டறியார். இரு நிலங்களில் ஒத்த தேவை ஒத்த கலையை ஈன்றது என்பதே பொருந்தும். எல்லாம் எம்மிடமிருந்தே சென்றன என்று கூறுவது பெருமையாகத் தோன்றலாம், ஆராய்ச்சி ஆகாது. நம் மரபின் பயன் வேறொன்று. அக்கலை தமிழரிடம் வந்தபோது, அதனை ஏற்று விளைக்கத்தக்க நிலம் நம் மொழியில் முன்னரே பண்பட்டிருந்தது.

அது முதலில் வேரூன்றிய இடங்களுள் மலேசியா தலையாயது. அந்நாட்டுத் தமிழரின் மூதாதையர் பலர் இறப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றவர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாற்றப்பட்டும் போக, வேலையோடு வீட்டையும் கோயிலையும் தமிழ்ப் பள்ளியையும் இழந்த குடும்பங்கள் நகர்ப்புறக் குடிசைகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறின. பெருந்தெருவாற் பெயர்க்கப்பட்ட புறொங்ஸ் மக்களின் கதையோடு இதனை ஒப்பிட்டுக் காண்க. 1990 ஆம் ஆண்டுகளில் அங்கே 'பொயற்றிக் அம்மோ' என்னும் குழு தோன்றிற்று. அதன் முதன்மையாளருள் ஒருவர் யோகி பி. அவர் நட்சத்திரா என்னும் குழுவினரோடு 2006 இல் வெளியிட்ட 'வல்லவன்' என்னும் இசைத்தொகுப்புத் தமிழ்ச் சொல்லிசைக்கு வழிகாட்டியாயிற்று. அதிற் புகழ்பெற்ற பாடல், 1980 இல் வெளிவந்த 'நிழல்கள்' திரைப்படத்தில் இளையராசா இசையமைத்த பாடலொன்றை அடித்தளமாகக் கொண்டது. பழைய தட்டின்மேற் புதிய சொல்லை வைத்த ஹேர்க்கின் முறை, கோலாலம்பூரில் இளையராசாவின் இசைமேல் நிகழ்ந்தது.

தமிழ்நாட்டில் 1994 இல் வந்த 'காதலன்' திரைப்படத்தில் ஏ. ஆர். ரகுமான் சென்னைப் பேட்டைத் தமிழை இவ்வகை இசையோடு பொருத்தினார். கோயம்புத்தூர் இளைஞர் ஆதி முதலியோரின் 'ஹிப்ஹொப் தமிழன்' தொகுப்பு 2012 இல் வெளிவந்தது. 2018 ஆம் ஆண்டு சனவரியில், இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால், 19 பேர் கொண்ட 'காஸ்ற்லெஸ் கலெக்ரிவ்' என்னும் குழு சென்னை மேடையேறிற்று. கானா, பறை, சொல்லிசை என்பவற்றை ஒன்றுகூட்டிய அக்குழுவின் பெயர், அயோத்திதாச பண்டிதர் (1845 – 1914) எடுத்துரைத்த சாதியற்ற தமிழர் என்னும் கருத்தினின்று பிறந்தது.

அக்குழுவினருள் ஒருவராகிய அரக்கோணத்து அறிவு என்பவர் எழுதி, தீ என்னும் பாடகியோடு பாடி, சந்தோஷ் நாராயணன் ஆக்கிய 'என்சாய் எஞ்சாமி' 2021 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்தது. கோடிக்கணக்கானோர் கேட்ட அப்பாடல் நம் நாட்டோடு நேரிற் றொடர்புடையது. அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974 இல் முடிவாயிற்று. இவ்வெண்களை நம் மாணவர் தேர்வுக்காக மனனஞ் செய்வர். அவ்வெண்களுள் ஓர் எண்ணாய்ப் போன மூதாட்டியின் நினைவு, ஒப்பாரியின் சாயலோடு பேரனின் பாட்டில் உலகெங்கும் ஒலித்தது. சட்டநூல் உரைக்காததனைப் பாட்டு உரைத்தது.

ஆயினும் ஈண்டும் பெயர் பற்றிய சிக்கல் எழாமலில்லை. அதே ஆண்டில் ஒரு சஞ்சிகை தன் அட்டையில், அறிவு எழுதிய பாடல்களைப் பாடிய வேறிருவரின் படத்தை வெளியிட்டு அவர் படத்தை விடுத்தது. அதனைப் பா. இரஞ்சித் முதலியோர் வெளிப்படையாகக் கண்டித்தனர். பின்னர் அச்சஞ்சிகை அறிவின் படத்தையும் மின்வெளியீட்டு அட்டையில் இட்டது. 1979 இற் காஸுக்கு நேர்ந்ததும் 2021 இல் அறிவுக்கு நேர்ந்ததும் ஒரே அளவினவல்ல. ஆனால் ஒரே திசையின. பாட்டு மேலேறும் வேகத்திற் பாடியவன் குடியும் பெயரும் மேலேறுவதில்லை என்பதே அத்திசை. வேற்றுமையும் ஒன்றுண்டு: காஸின் குறை வெளிப்படப் பல்லாண்டுகள் சென்றன, அறிவின் குறையைக் கேட்கச் சில நாள்களில் ஆள் இருந்தனர்.

நம் குடாநாட்டோடு தொடர்புடைய மற்றொருவர் மாயா எனப்படும் மாதங்கி அருள்பிரகாசம். 1975 இல் இலண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, இங்கே இளமையைக் கழித்து, போர்ச்சூழலால் 1986 இல் மீண்டும் இலண்டனுக்கு அகதியாகச் சென்றவர் அவர். 2005 இல் வெளியான அவரது முதல் இசைத்தொகுப்புக்கு 'அருளர்' எனத் தந்தையின் இயக்கப் பெயரையும், 2007 இல் வெளியான இரண்டாவதற்குக் 'கலா' எனத் தாயின் பெயரையும் இட்டார். இரண்டாவதன் ஒரு பகுதி சென்னையில் ஒலிப்பதிவாயிற்று. உறுமி மேளத்தின் ஒலியை அதிற் கேட்கலாம். அவர் அரசியலை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். அது வேறு பொருள். வரலாறு கற்போர் கவனிக்கத்தக்கது பிறிதொன்று. இளமை முதலே அவர் தம் குடும்பத்தாரையும் சூழலையும் படம்பிடித்து வைத்தார். 2001 இல் இலங்கைக்கு வந்தபோதும் அங்ஙனமே செய்தார். அப்பதிவுகளைக்கொண்டே ஸ்ரீவ் லவ்றிட்ஜ் என்பவர் 2018 இல் அவர் வாழ்வைக் கூறும் விவரணப் படத்தை ஆக்கினார். தம் பெயர் பிறரால் விடுபடுமுன் தாமே தம்மைப் பதிந்துகொண்டவர் அவர் எனலாம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். நாட்டுக்கூத்து நெடுங்காலம் நம்மிற் கற்றோராற் படியாதார் கலை என ஒதுக்கப்பட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 ஆம் ஆண்டுகளிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றிய பின்னரே பலர் கண்திறந்தனர். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924 – 1989) இசைநாடகத்தில் ஆயிரமாயிரம் மக்களை விடியுமளவும் விழித்திருக்கச் செய்தார். அடுத்து வந்தது பொப்பிசை. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றார் இசையோடு பேச்சுத் தமிழிற் பாடிய பாடல்களும், ஏ. ஈ. மனோகரன் தமிழும் சிங்களமும் விரவப் பாடிய பாடல்களும் கடல்கடந்து சென்றன. உரும்பிராய் நம் மருதனார்மடத்துக்கு அயலூர். தமிழிற் பொப்பிசையின் தொடக்க நாள்கள் நம் வேலியருகே நிகழ்ந்தன என்றாலும், அவற்றை முறையாக விரித்துக் கூறும் நாடகமோ படமோ நம்மிடம் எத்தனை உள? மனோகரன் 2018 இற் காலமானார். கண்டோரும் கேட்டோரும் ஒவ்வொருவராகச் செல்கின்றனர்.

நம் குறை சோம்பலால் மாத்திரம் நேர்ந்ததன்று. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச்சுவடிகளும் அவற்றுள் அடங்கும். பின்வந்த போரிலும் இடப்பெயர்விலும் வீடுகளிலிருந்த ஒலிநாடாக்களும் நிழற்படங்களும் கூத்தேடுகளும் எத்துணை அழிந்தன என்பதற்கு அளவில்லை. எரிந்தது புறொங்ஸும், எரிந்தது யாழ்ப்பாணமும். ஆயினும் ஆங்கே எரிந்த நிலத்தின் கதையை நாற்பதாண்டுக்குள் அம்மக்களையே வினவிப் பதிந்தனர். ஈண்டு அப்பணி பெரிதும் எஞ்சிநிற்கின்றது.

இவ்விடத்து என் தவறொன்றையும் கூறுதல் கடனாகும். சில ஆண்டுகளுக்கு முன், இடைவேளையில் மேசைமேல் தாளமிட்டு, இயைபு பிசகாத அடுக்குச் சொற்களை விரைந்து பாடிக்கொண்டிருந்த மாணவனொருவனை யான் அதட்டி அமரச்செய்தேன். சந்தம் கற்பிக்கும் ஆசிரியன் தன்னெதிரே பிறந்த சந்தத்தை அதட்டினான். பின்னர் ஒருநாள் அப்பாட்டை எழுதித் தருமாறு கேட்டேன். "அது எழுதினதில்லை, சேர், இப்ப மறந்துபோச்சு" என்றான். அவ்விடை இன்றும் என் செவியிலிருந்து நீங்கவில்லை. அவன் பெருங்கவிஞனாவான் என்பதன்று என் கருத்து. எவன் ஆவான் என்பதை அக்கணத்தில் அறியத்தக்கார் எவருமிலர். ஆதலின் அதட்டும் உரிமையும் எமக்கில்லை என்பதே.

மருதனார்மடத்தில் 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்கல்விக்கெனக் கல்லூரி நிறுவினார். அவ்வளாகத்தையொட்டி எழுந்த இராமநாதன் நுண்கலைக் கழகம் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, பண்ணிசையும் வீணையும் மிருதங்கமும் நடனமும் பயிற்றிவருகின்றது. அச்செவ்வியற் கலைகளின் பெருமையைக் குறைத்துக் கூறுவார் எவருமிலர். ஆனால் அமெரிக்காவில், மேனாட்டுச் செவ்வியல் இசைக்கும் ஜாஸ் இசைக்குமே அதுகாறும் வழங்கப்பட்ட புலிற்சர் இசைப் பரிசு 2018 இற் கென்றிக் லமார் என்னும் சொல்லிசைக் கலைஞருக்கு வழங்கப்பட்டது. தெருவிற் பிறந்ததும் மண்டபத்திற் பிறந்ததும் ஒரே அவையில் அமர்தல் இயலும் என்பதற்கு இது சான்று.

ஆகவே மாணவர்க்கு யான் கூறுவது இதுவே. விடுமுறை நாள்களில் உங்கள் ஊரிலுள்ள அண்ணாவியார், மேளகாரர், பழைய இசைக்குழுவிற் கிற்றார் வாசித்தவர், தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டியர் ஆகியோரிடம் செல்லுங்கள். பாட்டு யாது, ஆக்கியவர் யார், எவரிடம் கற்றார், எங்கே எப்பொழுது பாடப்பட்டது, உடனிருந்தோர் யாவர் என்னும் ஐந்து வினாக்களையும் கேளுங்கள். கையடக்கத் தொலைபேசி இன்று எல்லார் கையிலும் உண்டு. அதில் ஒலியைப் பதியுங்கள். பதிந்ததன் தலைப்பிற் பாடியவர் பெயரை முதலில் எழுதுங்கள். உங்கள் பெயரைப் பின்னர் எழுதுங்கள். ஆசிரியராகிய நாம் அப்பதிவுகளைக் கல்லூரி நூலகத்தில் முறைப்படி வைத்துக் காப்போமாக. சின்டி காம்பெல் ஆடல் விழாவை ஒழுங்குசெய்த நாளில் வரலாறு தொடங்கிற்று என அங்கிருந்தோர் எவரும் எண்ணியிரார். நம் வகுப்பறை மேசையிலும் அங்ஙனம் ஒன்று இன்று தொடங்கியிருத்தல் கூடும்.